தாண்டிக்குடி முதல் கூக்கால் வரை: மழையில் பறவை தேடி

டிசம்பர் 4, வியாழன் – தாண்டிக்குடி

பறவை பார்ப்பது என் தங்கச்சி மாப்பிள்ளையின் பைத்தியம். துணைக்கு ஆள் இல்லாமல் மலை ஏறக் கூடாது என்று தங்கச்சி கறாராகச் சொல்லிவிட்டதால் நான் துணை. மதுரையைத் தாண்டும்போதே தூறல் பிடித்துக்கொண்டது. "மழைக்காட்டுக்குப் போறோம், மழை பெய்யத்தானே செய்யும் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. அவர் கழுத்தில் எட்டுக்கு நாற்பத்திரண்டு பைனாகுலர், இடுப்பில் மழை புகாத பை, மடியில் பறவைக் கையேடு. என்னிடம் ஒரு குடை.

வத்தலக்குண்டு வரை சாலை முழுக்க ஐயப்ப சாமிகளின் வேன்கள். அங்கிருந்து பட்டிவீரன்பட்டி. மலைத் தோட்டத்துக் காப்பிக்கொட்டை பதப்படுத்த இறங்கும் ஊர் இது, கடைவீதியிலேயே வாசம் தூக்குகிறது. சென்னை பாண்டி பஜார் யார் பேரில் இருக்கிறதோ, அந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் இந்த ஊர்க்காரர்தான். தி.நகரில் துணிப்பை சுமந்து நடக்கிற எத்தனை பேருக்கு இது தெரியும் என்று யோசித்தபடி இரண்டு நெய் ரோஸ்ட் சாப்பிட்டேன். ஒன்று 70 ரூபாய். கூட வந்த சின்ன வெங்காயச் சட்னிக்கு இன்னொரு எழுபது கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

ஊரைத் தாண்டியதும் ஏற்றம். பெரும்பாறை, தடியன்குடிசை என்று பலகைகள் வருகின்றன, போகின்றன. தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதன் வேலியோரம் வண்டியை நிறுத்தி மாப்பிள்ளை பைனாகுலரைத் தூக்கினார். மூடுபனியைத் தவிர எதுவும் தெரியவில்லை. பனியையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

தங்கியது ஒரு காப்பித் தோட்டத்து விடுதியில். இரண்டு பேருக்கு மூன்று வேளைச் சாப்பாட்டோடு நாளுக்கு 3,200. ஓட்டு வீடு, சிவப்புச் சிமென்ட் தரை, முன்னால் நீள வராந்தா. நாட்டுக்கோழிக் குழம்பு உண்டு என்று போனில் சொல்லியிருந்தார்கள். போய்ச் சேர்ந்தால், சமையல்காரர் மலைக்கு மாலை போட்டிருக்கிறார். கறுப்பு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம். "தை பொறந்துதான் சார் கோழி" என்றார் மேலாளர், முகத்தில் வருத்தமே இல்லாமல். சரி என்று உட்கார்ந்தோம். சௌசௌ கூட்டு, பட்டர் பீன்ஸ் குருமா, மிளகு ரசம். மிளகு அந்தத் தோட்டத்திலேயே காய்த்தது, அதே வாரம் உலர்ந்தது. கோழியை மறந்து, "சாமி, இன்னும் கொஞ்சம் ரசம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒரு குறை மட்டும். சுற்றிலும் காப்பிச் செடி, கிளை கிளையாகச் சிவப்புப் பழம். கையில் கொடுத்ததோ சிக்கரி தூக்கலான கடைத்தூள் காப்பி. கேட்டால், "எங்க பழமெல்லாம் கீழ போயிருது சார்" என்கிறார்கள்.

டிசம்பர் 5, வெள்ளி – தாண்டிக்குடி

ஐந்தரைக்கே எழுப்பிவிட்டார். தோட்டத்து மேஸ்திரிதான் வழிகாட்டி. அரை நாளைக்கு 800 ரூபாய். அறுபது வயதிருக்கும், வெறுங்கால், முழங்கால் வரை வேப்பெண்ணெய். மாப்பிள்ளை இணையத்தில் 450 ரூபாய்க்கு வாங்கிய, அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்கப் போடும் காலுறையை முட்டி வரை இழுத்துக் கட்டியிருந்தார். மேஸ்திரி அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்து சட்டையைக் கழற்றியபோது மாப்பிள்ளையின் காலில் அட்டை இல்லை, பிடரியில் இருந்தது. மரத்திலிருந்து விழுந்ததா, செடியை விலக்கும்போது ஏறியதா என்று மேஸ்திரியும் மேலாளரும் கொஞ்ச நேரம் விவாதித்தார்கள். பிறகுதான் உப்பு வந்தது.

இங்கே காப்பிக்கு நிழல் தரப் பெரிய மரங்களை விட்டுவைத்திருக்கிறார்கள். பலா, காட்டு மரங்கள், மிளகுக்கொடி ஏற்றிய முருக்கு, சில்வர் ஓக் எல்லாம் கலந்து நிற்கின்றன. ரொம்ப நேரம் ஒரு சிறகும் அசையாது. திடீரென்று ஒரு மரம் முழுக்கப் பறவையாகிவிடும். மின்சிட்டுகள் சிவப்பும் மஞ்சளுமாக உச்சியில், மரப்பட்டையில் தலைகீழாக ஓடும் ஒரு நீலக் குருவி, இலைக்கு இலை தாவும் கதிர்க்குருவிகள், நடுவில் காவல்காரன் மாதிரி ஒரு துடுப்பு வால் கரிச்சான். எல்லாம் ஒரே கூட்டமாக இரை தேடிப் போகின்றன. ஒன்று கிளப்பிவிடும் பூச்சியை இன்னொன்று பிடிக்கிறது. ஐந்து நிமிடம்தான். அடுத்த மரம், அதற்கடுத்த மரம், பிறகு மறுபடி வெறும் மழைச்சொட்டு.

அந்த ஐந்து நிமிடத்தில் வல்லூறின் குரல் கேட்டது. மாப்பிள்ளை உடனே போனில், பறவைப் பட்டியல் போடும் செயலியில் குறித்தார். மேஸ்திரி தலையை ஆட்டினார். "அது கரிச்சான் சார். அதுதான் அப்படிக் கத்தி மத்ததை ஏமாத்துது." துடுப்பு வால் கரிச்சான் பிற பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பேசும் என்பது மாப்பிள்ளைக்கும் தெரிந்ததுதான், கையேட்டிலேயே இருக்கிறது. ஆனாலும் வல்லூறை அழிக்க அவருக்கு மனசே வரவில்லை. "ஒருவேளை ரெண்டும் இருந்திருந்தா?" என்றார். மேஸ்திரி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

காப்பிப் பழம் தோல் உரிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால். அங்கே பாறைமேல் கறுப்பாக ஒன்று நின்றது. தோளிலும் நெற்றியிலும் மட்டும் மயில் நீலம். சீகாரப் பூங்குருவி. எதையோ கல்லில் அடித்து அடித்துத் தின்றுகொண்டிருந்தது. நண்டு என்றார் மேஸ்திரி. இது மனிதனைப் போலச் சீட்டி அடிக்கும் என்று மாப்பிள்ளை வழி நெடுக ஆசை காட்டியிருந்தார். "ஆடி மாசம் வாங்க, விடிய விடிய அடிக்கும். இப்ப வாயைத் தொறக்காது" என்று மேஸ்திரி அந்த ஆசையை முடித்துவைத்தார். நாங்கள் நின்றிருந்த நேரத்தில் கிரீச்சென்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பழம் பறிக்கிற பெண்கள் மழைக்குத் தலையில் உரச்சாக்கை மடித்துப் போட்டிருந்தார்கள். "என்ன சார் தேடுறீங்க?" "குருவிம்மா." "அதுக்கா மதுரையில இருந்து வந்தீங்க?" ஒரு அம்மா மடியிலிருந்து இரண்டு கமலா ஆரஞ்சு எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. புளிப்பென்றால் அப்படி ஒரு புளிப்பு. அவர் பார்த்துக்கொண்டிருந்ததால் இரண்டையும் தின்றேன்.

சாயங்காலம் வராந்தாவில் காத்திருந்தது ஆறுமணிக்குருவிக்காக. குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து இறங்கி வரும் பறவை, உடம்பில் எல்லா நிறமும் இருக்கும், காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூப்பிடும், அதனால்தான் இந்தப் பெயர். ஐந்தே முக்காலுக்கே கூப்பிட்டுவிட்டது. மேகம் கவிந்து சீக்கிரம் இருட்டியதே காரணம் என்றார் மாப்பிள்ளை. பிறகு அதைத் தேடி டார்ச்சோடு இறங்கி, சேறும் சகதியுமாகத் திரும்பினார். பார்க்கவில்லை. 'கேட்டது' என்று குறித்துக்கொள்ளப் போனில் இடம் இருக்கிறதாம்.

டிசம்பர் 6, சனி – பண்ணைக்காடு வழியாகக் கொடைக்கானல்

விடுதிக் கணக்கு முடித்தபோது அரைக்கிலோ மிளகு வாங்கினேன். கீழே கடையில் கேட்கும் விலைதான். ஆனால் இது மிளகு.

பண்ணைக்காட்டைத் தாண்டிய ஒரு வளைவில் மரம் விழுந்து கிடந்தது. முன்னால் அரசுப் பேருந்து, அதற்கு முன்னால் சௌசௌ மூட்டை ஏற்றிய வேன், பின்னால் நாங்கள், எங்களுக்குப் பின்னால் வார இறுதிச் சுற்றுலா ஊர்வலம். இரண்டு மணி நேரம். எரிச்சலாக இருந்திருக்க வேண்டிய நேரம், ஆனால் அப்படி இல்லை. பேருந்தில் வந்த ஒரு பெரியவர் தூக்குவாளியைத் திறந்து இட்லி நீட்டினார். வேன் ஓட்டுநர் மூட்டையை அவிழ்த்து ஆளுக்கு இரண்டு சௌசௌ கொடுத்தார். அதை வைத்து சாலையில் என்ன செய்வது என்று தெரியாமல் கார்க்காரர்கள் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மலை அணில் ஒன்று, செம்பழுப்பும் கறுப்பும், கைநீளம் வால், மேலே கிளையில் குப்புறப் படுத்துக் கீழே நடப்பதையெல்லாம் கவனித்தது. சாலைப் பணியாளர்கள் ரம்பத்தோடு வந்து மரத்தைத் துண்டு போட்டதும் எல்லோருக்கும் அவசரம் வந்துவிட்டது. ஹாரன் ஹாரன்.

கொடைக்கானலில் நாங்கள் போன விடுதியின் பலகையில் 'மழைக்காட்டு விடுதி' என்றே போட்டிருந்தார்கள். பெயரைச் சொல்லப்போவதில்லை. வாடகை 5,500. சுற்றிலும் மரம், உண்மைதான். ஆனால் எல்லாம் வாட்டிலும் பைனும். வாட்டில் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, தோல் பதனிடப் பட்டைக்காக நட்டார்கள். பழனி மலையின் மேற்பரப்பில் ஒரு காலத்தில் புல்வெளிதான் விரிந்து கிடந்ததாம், பள்ளங்களில் மட்டும் சோலை என்கிற குட்டைமரக் காடு. புல்வெளியில் பெரும்பகுதியை வாட்டில், தைலமரம், பைன் தோட்டங்கள் தின்றுவிட்டன. பைன் காட்டுக்குள் நடந்து பார்த்தோம். கீழே ஊசியிலை மெத்தை, மேலே காற்றின் இரைச்சல், ஒரு பூச்சி கூட இல்லை. பூச்சி இல்லாத இடத்தில் குருவிக்கு என்ன வேலை? புகைப்படத்துக்கு மட்டும் நன்றாக இருக்கும். நாலு ஜோடிகள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அறைச் சூடேற்றிக்குத் தனியாக 300. குளிக்க வெந்நீர் காலை ஏழிலிருந்து எட்டு வரை மட்டும். இரவுச் சாப்பாடு கோபி மஞ்சூரியன், நான் ரொட்டி, பனீர். ரசம் கிடைக்குமா என்று கேட்டேன். சூப் இருக்கிறது என்றார்கள்.

டிசம்பர் 7, ஞாயிறு – பம்பாய் சோலை

ஊருக்குள்ளேயே மிச்சமிருக்கும் சோலைத் துண்டு பம்பாய் சோலை. சாலையோரமாகவே நடந்து பார்க்கலாம். குட்டை மரங்கள், ஒவ்வொன்றிலும் பாசியும் பெரணியும், உச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூரையாகிவிட்டன. உள்ளே பகலிலும் சாயங்கால வெளிச்சம். ஐந்தடி தள்ளி ஒரு நீலகிரி ஈப்பிடிப்பான், கருநீலம், தாழ்ந்த கொப்பில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. இதைப் பார்க்க எந்தத் திறமையும் வேண்டாம், நான் கூடப் பார்த்தேன்.

வளைவில் ஐந்து பேர் கொண்ட ஒரு குழு. காட்டு நிற உடுப்பு, கை நீளத்துக்கு லென்ஸ். புதருக்கு அடியில் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்து ஏதோ பறவையின் குரலை ஓட விட்டிருந்தார்கள். வெள்ளை வயிற்றுச் சோலைச்சிட்டு என்றார் மாப்பிள்ளை, முகம் சுருங்கியது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள சோலைகளில் மட்டும் இருக்கிற பறவை. பதிவான குரலைக் கேட்டதும், தன் இடத்துக்குள் இன்னொரு ஆண் நுழைந்துவிட்டது என்று நினைத்து அது தீனியை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். வந்து பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். அரைமணிக்கு ஒரு குழு வந்து இதையே செய்தால் அது எப்போது சாப்பிடும்?

மாப்பிள்ளை தன்மையாகத்தான் சொன்னார். "ஒரே ஒரு ஷாட் ப்ரோ, போயிருவோம்" என்றார் ஒருவர். ஒன்றும் வரவில்லை. அவர்கள் ஒலியைக் கூட்டினார்கள். அவர்களும் காசு செலவழித்துத்தான் வந்திருக்கிறார்கள், திங்கட்கிழமை அலுவலகம் போக வேண்டியவர்கள், அதெல்லாம் சரி. ஆனால் எனக்கு அந்த ஸ்பீக்கரை எட்டி உதைக்க வேண்டும்போல இருந்தது. பறவைமேல் பெரிய பற்று இல்லாத எனக்கே அப்படி.

நாங்கள் விலகிப் போய் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். டீ 20, மிளகாய் பஜ்ஜி இரண்டு 30. கடைக்குப் பின்னால் டீச்சக்கை கொட்டும் இடத்தில் ஒரே கலவரம். சாம்பல் நெஞ்சு, செம்பழுப்பு வயிறு, கண்ணுக்கு மேல் வெள்ளைப் பட்டை போட்ட குருவிகள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு கிளறிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளை டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். பழனி சிரிப்பான்!

கடைக்கார அக்கா பயந்து, "பாம்பா தம்பி?" என்றார். இல்லை என்று மாப்பிள்ளை அவருக்கு விளக்க ஆரம்பித்தார். இந்தப் பறவையை 1869-இல் பிளான்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயர் விவரித்து, இந்த மலையில் பறவை சேகரித்த ஃபேர்பேங்க் பாதிரியாரின் பேரை அறிவியல் பெயராக வைத்தார். 2017-இல் மரபணுவை ஆராய்ந்தவர்கள், இது மற்ற நாட்டுச் சிரிப்பான்களின் கிளையே இல்லை, மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே பிரிந்து வளர்ந்த தனி வம்சம் என்று கண்டார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஒன்று, இங்கே ஒன்று, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே இன்னொன்று. சோலைப் பறவைகள் பள்ளத்தாக்கின் சூட்டைத் தாண்டி மறுபக்கம் போவதில்லை. மலை உச்சிகள் அவற்றுக்குத் தீவுகள்.

அக்கா பஜ்ஜியைத் திருப்பிப் போட்டார். "அது தெனமும் வருமே. மாவு வெச்சா மாவையும் கொத்தும்."

விடுதிக்கு நடந்து திரும்பும் வழியில் காட்டுமாடு. பாதையின் குறுக்கே, ஒரு சிறிய லாரி அளவு, நாலு காலிலும் வெள்ளைக் காலுறை. அதன் முன்னால் பள்ளிச் சீருடையில் இல்லாத ஞாயிற்றுக்கிழமைப் பையன்கள் இரண்டு பேர் சைக்கிளைப் பிடித்தபடி சாவகாசமாக நின்றிருந்தார்கள். "அதுவா போகும் அண்ணே, பேசாம நில்லுங்க." நின்றோம். இருபது நிமிடம் புல் மேய்ந்துவிட்டு, யாரோ வீட்டு வேலியைத் தாண்டி அவர்கள் கேரட் பாத்திக்குள் போயிற்று. உள்ளே ஒரு பெண்மணி தகரத்தைத் தட்டும் சத்தம்.

சாயங்காலம் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை அறைக்குள் போனை மின்னேற்றிக்கொண்டிருந்தார். குளிர் தாங்காமல் நான் சமையலறைப் பின்வாசலில், விறகு அடுப்பருகே, பாத்திரம் கழுவும் பையனோடு உட்கார்ந்திருந்தேன். கழிவுநீர் ஓடும் கால்வாய்க்கு அந்தப்பக்கம் ஒரு கீற்றுச் சோலை, வாட்டிலுக்குத் தப்பியது. அதிலிருந்து கருநீலமாக ஒரு சின்னக் குருவி தத்தித் தத்திக் கால்வாயோரம் வந்தது. நெற்றியில் வெளிறிய நீலம், வயிறு வெள்ளை. சோற்றுப் பருக்கையை விட்டுவிட்டு ஈரத்தில் எதையோ கொத்தியது. வாலை ஒரு தரம் ஆட்டியது. மாப்பிள்ளையைக் கூப்பிட வாயெடுத்தேன். போய்விட்டது.

விசாரணை அரைமணி நேரம் நடந்தது. "வயிறு வெள்ளையா, சாம்பலா மச்சான்? நல்லா யோசிங்க." "வெள்ளை." "பக்கவாட்டுல?" "பார்க்கல." "காலு நீளமா?" பாத்திரம் கழுவும் பையனைச் சாட்சிக்கு அழைத்தோம். "தெனமும் இந்நேரத்துக்கு வரும் சார்" என்றான். மாப்பிள்ளை அந்தக் கால்வாயருகே இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். இரவு அவருக்கு மூக்கடைப்பு.

டிசம்பர் 8, திங்கள் – பூம்பாறை, கூக்கால்

காலையிலும் கால்வாயில் ஒரு மணி நேரம் காவல். வரவில்லை. அவர் பேசாமல் வண்டியில் ஏறினார்.

பூம்பாறையில் மேகம் விலகி, படிக்கட்டு வயல்கள் முழுசாகத் தெரிந்தன. குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் வீட்டுக்கு வீடு பூண்டுக் கொத்து தொங்குகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு 2019-இல் கிடைத்தது. ஒரு பாட்டி கிலோ 400 என்றார். 350-க்குக் கேட்டேன். "தம்பி, உரிச்சுப் பாரு, அப்புறம் சொல்லு." உரித்தேன். விரலில் அந்த வாசம் இதை எழுதும்வரை போகவில்லை. 400 கொடுத்தேன்.

கூக்காலுக்குப் போகும் சாலையில் இருபுறமும் சோலை. இங்கே கூட்டம் இல்லை, ஸ்பீக்கர் இல்லை, செல்போன் டவரும் இல்லை. ஈரப் புதருக்கடியில், முழங்கால் உயரத்தில், தீக்கங்கு நிறமும் கறுப்புமாக ஒரு ஈப்பிடிப்பான். பக்கத்திலேயே அதன் பெட்டை, தலை மட்டும் பழுப்பு. இரண்டும் எங்களைப் பொருட்படுத்தாமல் தரையில் இறங்குவதும் கொப்பில் ஏறுவதுமாக இருந்தன. மாப்பிள்ளை முதன்முறையாகக் கையேட்டைத் திறக்கவில்லை, போனையும் எடுக்கவில்லை. பிறகு மழை வலுத்து, பைனாகுலருக்குள் நீராவி படிந்து, ஒரு டீயும் ஆளுக்கொரு முட்டை ஆம்லெட்டுமாகக் கூக்காலில் ஒரு திண்ணையில் ஒதுங்கினோம். ஆம்லெட் 25. பயணத்தில் நான் சாப்பிட்ட ஒரே அசைவம்.

இறங்கும்போது காது அடைத்தது. வத்தலக்குண்டில் வெயில்! ஸ்வெட்டரைக் கழற்றி, பரோட்டாக் கடையில் உட்கார்ந்ததும் மாப்பிள்ளை பட்டியலைத் திறந்தார். சோலைச்சிட்டு அவர் பட்டியலில் ஏற முடியாது, அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தது பதிவாக வேண்டுமென்றால் என் பேரில் கணக்குத் தொடங்க வேண்டுமாம். எனக்கெதற்கு என்றேன். "தரவு வீணாப் போகக்கூடாது மச்சான்" என்று சால்னா கையோடு என் போனைப் பிடுங்கி, மின்னஞ்சல் முகவரி கேட்டு, கடவுச்சொல் ஒன்றைப் போட்டு, இடம், தேதி, நேரம் எல்லாம் நிரப்பினார். எண்ணிக்கை: ஒன்று. குறிப்பு என்ற கட்டத்தில் வயிற்றின் நிறத்தைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் நிமிர்ந்து, இன்னொரு தரம் கேட்டார்.

வெள்ளை என்றேன்.